பிரம்பு போயிற்று, வசை போகவில்லை

உபாத்தியாயர் கையிலிருந்த பிரம்பைச் சட்டம் வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்காக நாம் வருந்தவில்லை. அது எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. ஆனால், பிரம்பு இருந்த இடத்தில் இப்பொழுது வந்து உட்கார்ந்திருப்பது எது என்று கேட்டால், வெட்கத்துடன்தான் விடை கூற வேண்டியிருக்கிறது. பல பள்ளிக்கூடங்களில் பிரம்பு செய்துவந்த வேலையை இன்று நாவு செய்துவருகிறது. பிரம்படியின் தழும்பு பத்து நாளில் மறையும். ஏழு வயதில், நாற்பது பேர் முன்னிலையில், உபாத்தியாயர் வாயிலிருந்து கேட்ட "மக்கு" என்னும் சொல் எழுபது வயதிலும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த விஷயத்தைத் திருத்தணிப் பக்கத்து ஊர்களை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், உபாத்தியாயராகத் தொடங்கி இந்தியாவின் ராஷ்டிரபதியானார். 1921-ல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபொழுது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவருடைய வண்டியை ரயில் நிலையம் வரையில் இழுத்துச் சென்றார்கள். 1962 முதல் அவருடைய பிறந்த தினத்தை நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அன்று மாலை உண்டு, சால்வை உண்டு, மேடைப் பிரசங்கம் உண்டு. மறுநாட் காலையில் அதே திருத்தணி மலைக்கு அப்பால், அம்மையார்குப்பத்திலோ அதுபோன்ற வேறொரு நெசவூரிலோ, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை அதன் உபாத்தியாயர் என்ன சொல்லி அழைக்கிறார் என்பதை யாராவது கவனிக்கிறார்களா? மாலைகளைவிட அந்த ஒரு சொல்லையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பிள்ளையின் விஷயத்தில் உபாத்தியாயர் தந்தையின் ஸ்தானத்தில் நிற்கிறார். ஆகவே அளவோடு அடிப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பது ஆங்கிலச் சட்டம் நமக்கு விட்டுச்சென்ற சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தைப் பெற்ற இங்கிலாந்தே 1986-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் தன்னுடைய சர்க்கார் பள்ளிகளில் பிரம்பை ஒழித்துவிட்டது. நம் நாட்டில் 2000-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், டில்லி உயர் நீதிமன்றம் பிள்ளைகளை அடிப்பது அரசியல் சட்டத்தின் 14-வது, 21-வது ஷரத்துக்களுக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. 2003-ல் தமிழ்நாடு சர்க்கார் தங்கள் கல்வி விதிகளைத் திருத்தின. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கலாகாது என்பதோடு நிற்கவில்லை. மனத்தைத் துன்புறுத்தவும் கூடாது என்று அதே மூச்சில் விதிக்கிறது.

இந்தப் பின்பாதியைத்தான் நம்மவர்கள் படிக்காமலே விட்டுவிட்டார்கள். மனத்துன்பம் என்றால் என்ன என்பதைத் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சந்தேகத்துக்கு இடமின்றி விளக்குகின்றன. குத்தலாகப் பேசுவது, பட்டப் பெயர் வைப்பது, இழிவான அடைமொழிகளைக்கொண்டு ஏசுவது, மிரட்டுவது, குழந்தையின் ஜாதியையோ பெற்றோருடைய தொழிலையோ குடும்ப நிலையையோ சொல்லிப் பரிகசிப்பது, வியாதியைச் சுட்டி நகைப்பது, எதிர்பார்த்த அளவுக்குப் படிக்கவில்லை என்று எல்லோர் முன்னும் மட்டந்தட்டுவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த நெறிகளைச் செயலுக்குக் கொண்டுவரும்படி தமிழ்நாடு சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஆகவே, "நான் அடிக்கவில்லையே, திட்டத்தானே செய்தேன்" என்று இன்று ஓர் உபாத்தியாயர் சொல்வாரானால், ஒரு குற்றத்தை மறுத்து இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறார் என்பதே அதன் பொருள்.

ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நமது நோக்கமன்று. பிள்ளைகளைப் பயமுறுத்தலாகாது என்று எழுத வந்த நாம், உபாத்தியாயர்களைப் பயமுறுத்தி ஆவதென்ன? சொல் என்ன செய்யும் என்பதையே அவர்கள் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

ரவீந்திரநாத தாகூர் வங்காளியில் எழுதிய சிறுகதை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கெல்லாம் பட்டப் பெயர் சூட்டி மகிழும் ஓர் உபாத்தியாயர் அதில் வருகிறார். மழை பெய்த ஒரு விடுமுறை நாளில், ஒரு சிறுவன் தன் தங்கையோடு பொம்மைக் கலியாணம் விளையாடுவதை அவர் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான், மறுநாள் வகுப்பில் அவனுக்கு "வீட்டுக்காரி" என்று பொருள்படும் பெயர் கிடைத்துவிடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிறுவன் செய்த குற்றம் என்ன? தங்கையிடம் அன்பாயிருந்ததுதான். அந்த உபாத்தியாயர், பிரம்பைத் தொடாமலே, ஒரே ஒரு சொல்லால் ஒரு குழந்தையின் மிகச் சிறந்த குணத்தையே அதற்கு வெட்கமாக மாற்றிவிடுகிறார்.

கதையை விடுவோம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாடு மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் ஜாதியைக் குறிக்கலாகாது, எந்த உபாத்தியாயரும் எந்த மாணவனையும் நேராகவோ மறைமுகமாகவோ ஜாதியைச் சுட்டி அழைக்கலாகாது என்று அந்த அறிக்கை கூறுகிறது. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும் இப்படி ஒரு சிபார்சு தேவைப்பட்டதே என்பதை நமது தேசபக்தர்கள் சிந்திக்க வேண்டும். வகுப்பறையில் பெரியவர் ஒருவர் விளையாட்டாக உதிர்க்கும் சொல்லைப் பிள்ளைகள் வினையாக எடுத்துக்கொண்டு வீதிக்குப் போகிறார்கள்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். "அடியாத மாடு படியாது", "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்னும் பழமொழிகளை எடுத்து நீட்டுவோர் பலர். பிள்ளை மாடும் அன்று, முருங்கையும் அன்று. ஒடித்த கிளை அடுத்த மழைக்குத் துளிர்க்கும்; ஒடித்த மனம் அப்படித் துளிர்ப்பதை நாம் கண்டதில்லை. "பெற்றவர்களே வந்து, கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே" என்பது மற்றோர் ஆட்சேபம். சட்டம் குழந்தைக்கு அளித்த பாதுகாப்பைப் பெற்றோர் தானம் செய்ய முடியாது. அன்றியும், தறியிலும் கழனியிலும் உழைத்து அலுத்த ஒரு தகப்பன், எழுத்தறியாத தன் ஆற்றாமையால் சொல்லும் வார்த்தையை, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் தமக்கு அதிகாரப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா?

மூன்றாவது ஆட்சேபம்தான் கௌரவமானது. "பிரம்பும் கூடாது, ஏச்சும் கூடாது என்றால், முப்பது நாற்பது குழந்தைகளை எப்படி உட்கார வைப்பது?" என்று உண்மையாகவே தவிக்கிற உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது நியாயமன்று. அநுபவமுள்ள நல்ல உபாத்தியாயர்கள் நடந்துகொள்ளும் முறையிலிருந்து நாம் அறிந்தவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, குரல். வகுப்பு இரைகிறதென்று உபாத்தியாயரும் இரைந்தால், இரைச்சல் ஒன்று கூடுமேயன்றிக் குறையாது. தறி ஓடுகிற வீட்டில் உரக்கப் பேசினாலன்றி ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாது. அம்மையார்குப்பத்துக் குழந்தைக்கு அது பிறப்பிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூடத்தில் தறி இல்லை. அங்கே தணிந்த குரலே புதுமையாகக் கேட்கும். உபாத்தியாயர் பேச்சை நிறுத்திவிட்டு, ஓரிடத்தில் நின்று, அமைதி வரும்வரையில் காத்திருந்து, பிறகு மெதுவாகத் தொடங்கட்டும். கேட்பதற்காகவே பிள்ளைகள் அடங்குவார்கள்.

இரண்டாவது, கட்டளையின் உருவம். "ஓடாதே, பேசாதே, திரும்பாதே" என்று விலக்குகளையே அடுக்கினால், செய்ய வேண்டியது என்ன என்பது குழந்தைக்குத் தெரிவதில்லை. "மெதுவாக நடந்து வா", "கரும்பலகையைப் பார்", "புத்தகத்தை மூடி வை" என்பவை அவன் உடனே செய்யக்கூடியவை. ஒரு சமயத்தில் ஒரு கட்டளை போதும். ஐந்து கட்டளைகளைச் சேர்த்துச் சொல்லி, ஐந்தாவதைச் செய்யவில்லை என்று ஆறு வயதுக் குழந்தையைக் கோபிப்பது, சொன்னவருடைய பிழையைக் கேட்டவர்மேல் சுமத்துவதாகும்.

மூன்றாவது, செயலைக் கண்டிக்கலாம்; பிள்ளையைக் கண்டிக்கலாகாது. "இந்தக் கணக்குத் தவறு, மறுபடி போடு" என்பது கண்டிப்பு. "உனக்குக் கணக்கு வரவே வராது" என்பது சாபம். "கல்லை எறிந்தது தப்பு" என்றால் பிள்ளை கல்லைக் கீழே போடுவான். "நீ ரௌடி" என்றால் அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடக்கக் கற்றுக்கொள்வான். புகழ்ச்சிக்கும் இதே விதி பொருந்தும். "கெட்டிக்காரன்" என்று பொதுவாகத் தட்டிக்கொடுப்பதைவிட, "இன்று 'ழ' எழுத்தைச் சுழி தவறாமல் எழுதினாய்" என்று சொல்வது பிள்ளைக்குப் பயன்படும்.

நான்காவது, இடம். பெருந்தவறு செய்த பிள்ளையைத் தனியே அழைத்து, அவன் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எல்லோர் முன்னும் நிறுத்திவைத்துக் கேட்டால், அவன் விடை சொல்வது உபாத்தியாயருக்கன்று. சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு. ஒன்று, வீம்பு பேசுவான். இல்லையேல், வாய் மூடி நிற்பான். வழக்கறிஞர் தொழிலில் பல வருஷம் கழித்த நமக்கு இது நன்றாகத் தெரியும். குறுக்கு விசாரணையில் சாட்சியை அதட்டி மிரட்டுகிறவர் அநேகமாக உண்மையைப் பெறுவதில்லை. மிரண்ட சாட்சி பொய் சொல்வான், அல்லது "தெரியாது" என்பான். கூண்டில் நிற்கும் பெரியவன் கதியே இதுவானால், பலகையருகே நிற்கும் பச்சைக் குழந்தையின் கதி என்ன?

ஐந்தாவது, வாக்கு. செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டலாகாது. "பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திவிடுவேன்" என்று தினமும் சொல்லி, ஒரு நாளும் துரத்தாத உபாத்தியாயருடைய எந்தச் சொல்லையும் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒருவன் செய்த குற்றத்துக்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பதும் இவ்வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து குழந்தைகள் கற்பது ஒழுக்கமன்று, அநீதி.

ஆறாவது, விளி. நமது பாஷையில் வேண்டிய அளவுக்கு விளிகள் இருக்கின்றன. "ஏய்", "டேய்" என்பனவும் இருக்கின்றன; "வாப்பா", "சொல்லம்மா", "கண்ணு", "ராஜா" என்பனவும் இருக்கின்றன. பெற்ற பிள்ளையையே அப்பா என்றும் அம்மா என்றும் அழைக்கும் வழக்கத்தை நம் பாட்டன் பாட்டிமார் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிறியவனிடத்தில் தன் தகப்பனைக் காண்பது என்பது எவ்வளவு உயர்ந்த மரியாதை! வீட்டில் பாட்டி வாயில் இருக்கும் இந்தச் சொல் பள்ளிக்கூட வாயிற்படியில் ஏன் நின்றுவிட வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும் உபாத்தியாயருக்குப் பாதி வகுப்பு அப்பொழுதே கட்டுப்பட்டுவிடும்.

இவற்றில் எதுவும் தளர்ச்சியன்று. இனிய சொல் வேறு, குழைந்த சொல் வேறு. "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் உபாத்தியாயர் "இல்லை" என்றே சொல்ல வேண்டும். சொன்னதிலிருந்து மாறவும் கூடாது. உறுதி உள்ளவருக்கு உரத்த குரல் தேவைப்படுவதில்லை.

நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் உபாத்தியாயருக்கு நாம் அந்தத் தொழிலையே உதாரணமாகக் காட்டுவோம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை உதைப்பதில்லை, இழையைத் திட்டுவதுமில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த முனையைக் கண்ணால் தேடுகிறார், விரல் நுனியால் எடுத்து முடிகிறார், பிறகு தறியை ஓட்டுகிறார். அவசரத்தில் அறுந்த இழையோடு நெய்தால் சேலை முழுவதும் குறைபடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் கவனம் அறுந்துபோவதும் இப்படித்தான். இரவு வெகுநேரம் தறிச் சத்தத்தில் தூங்காமல் இருந்தானோ, காலையில் சாப்பிடாமல் வந்தானோ, கண் சரியாகத் தெரியவில்லையோ, யார் அறிவார்? அறுந்த முனை எங்கே என்று தேடுவதுதான் உபாத்தியாயருடைய வித்தை.

வடவெல்லைப் பிரதேசத்துக்கே உரிய மற்றொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானமும் கே. விநாயகமும் மற்றத் தொண்டர்களும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ந் தேதி அது சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அந்தக் கிளர்ச்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவரான மங்கலங்கிழார் ஒரு தமிழாசிரியர் என்பதை மறக்கலாகாது. தாய்மொழியில் படிக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் தமிழ்ச் சொல்லைத் தவறாக உச்சரிக்கும்போது உபாத்தியாயரே சிரித்துவிட்டால், அந்தப் போராட்டத்தின் தர்மமே பழுதாகிவிடும். நம் மொழியை நாம் காத்தது மற்றவன் மொழியை நகைப்பதற்காக அன்று. "வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்? இங்கே இப்படிச் சொல்வோம்" என்று கேட்டுச் சொல்லிக்கொடுத்தால், அந்தக் குழந்தைக்கு இரண்டு மொழியும் சொந்தமாகும். நகைத்தால் இரண்டும் போகும்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தாமே உபாத்தியாயராக இருந்தார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்; அந்நாட்டிலேயே பிறந்தவர்களாகையால் தமிழ் அதிகம் அறியாதவர்கள். சிறையிலும் கப்பலிலும் தாம் கற்ற சொற்பத் தமிழைக்கொண்டு அவர்களுக்குக் கற்பித்தார். எதற்கும் அடங்காத வாலிபன் ஒருவனை ஒரு நாள் கோபம் மீறி ரூல்தடியால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே தம் உடல் நடுங்கியதென்றும், பையன் அழுது மன்னிப்புக் கேட்டது அடியின் வலியாலன்று என்றும், அந்தப் பலாத்காரத்துக்காகத் தாம் இன்னமும் வருந்துவதாகவும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு அடிக்காக, பல வருஷங்கள் கழித்து, உலகறிய வருத்தம் தெரிவித்தவரை நாம் தேசபிதா என்கிறோம். தினம் பத்துக் குழந்தைகளை வார்த்தையால் அடித்துவிட்டு மாலையில் அதை நினைத்தும் பார்க்காமல் வீடு திரும்புகிறவர்கள், அவருடைய படத்தின் கீழ் நின்று பாடம் நடத்துகிறார்கள்.

நமது பழைய மரபு பிரம்புதானே என்று சிலர் கேட்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையும், உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் நம்மிடம் இருந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை பழக்கம், இலக்கணமன்று. ஏறக்குறைய எண்ணூறு வருஷங்களுக்கு முன் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாடம் சொல்லும் முறை எது என்று கூறுமிடத்தில், அவசரப்படாமலும், சினம் கொள்ளாமலும், விருப்பத்தோடும், மலர்ந்த முகத்தோடும், கேட்பவனுடைய அறிவின் அளவை அறிந்து கற்பிக்க வேண்டுமென்றே விதிக்கிறார். நல்லாசிரியனுக்கு அவர் காட்டும் உவமைகள் நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் ஆகும். பொறுமை, அசையாமை, நடுநிலைமை, மென்மை என்பன அவற்றின் குறிப்பு. அந்த நான்கில் பிரம்பு இல்லை. மேனாட்டார் நமக்கு இன்று வந்து சொல்ல வேண்டிய புதுமை இதில் ஒன்றுமில்லை. நாம் படித்துப் பரீட்சை எழுதி மறந்த இலக்கணம் இது.

கடைசியாக, உபாத்தியாயர்களின் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர்களாவோம். ஆரம்ப வகுப்புக்களில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் உபாத்தியாயர் என்பது 2009-ம் வருஷத்துச் சட்டத்தின் கணக்கு. ஓர் உபாத்தியாயரே இரண்டு மூன்று வகுப்புக்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இடையிடையே புள்ளிவிவரப் படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தால், பவணந்தியார் சொன்ன மலர்ந்த முகம் எங்கிருந்து வரும்? மேலும், பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி பிள்ளைகள் முன்னிலையிலேயே உபாத்தியாயரை அதட்டுகிறார்; தலைமை உபாத்தியாயர் உதவி உபாத்தியாயரைக் கடிந்துகொள்ளுகிறார்; உதவி உபாத்தியாயர் பிள்ளைமேல் பாய்கிறார்; பிள்ளை தன்னிலும் சிறியவனைத் தேடிக்கொண்டு போகிறான். மேலிருந்து கீழாக இறங்கும் இந்த வசைப்படியை மேற்படியிலிருந்தே இடிக்கத் தொடங்க வேண்டும். கல்வி அதிகாரிகள் உபாத்தியாயர்களிடம் பேசும் முறையைத் திருத்திக்கொள்ளட்டும். பயிற்சிப் பள்ளிகளில் பாடக் குறிப்பு எழுதக் கற்பிப்பதுபோலவே, வகுப்பில் பேசக் கற்பிக்கட்டும். ஊர்ப் பெரியவர்களும் அரசியல் தொண்டர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உட்கார்ந்து, கட்டடத்தையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசுவதோடு, இந்த விஷயத்தையும் விசாரிக்கட்டும்.

இது சிறு விஷயம் என்று எண்ணுவோர் எண்ணட்டும். சர்க்கார் என்றால் என்ன என்பதை ஏழைக் குழந்தை முதன் முதலாகக் காண்பது போலீஸ் ஸ்டேஷனிலன்று, தாலுகா கச்சேரியிலுமன்று, பள்ளிக்கூடத்தில். அங்கே தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, தான் சொல்வதையும் கேட்டு, தவறினால் காரணம் காட்டித் திருத்துகிற பெரியவர் ஒருவரைக் காணும் குழந்தை, நாளை எந்த அதிகாரி முன்னிலையிலும் நிமிர்ந்து நின்று தன் நியாயத்தைச் சொல்லும். வசை கேட்டு வளர்ந்த குழந்தை, ஒன்று அஞ்சி ஒடுங்கும்; அல்லது அதிகாரம் கைக்கு வரும் நாளைக் காத்திருந்து மற்றவர்களை ஒடுக்கும். அடிமைகளையும் அதிகாரிகளையும் உண்டாக்குவதற்கு அந்நியர் வைத்த பள்ளிக்கூடங்கள் போதும். பிரஜைகளை உண்டாக்குவதற்காகவே நாம் சுயராஜ்யம் கேட்டோம். அந்தச் சுயராஜ்யம், நாளைக் காலை மணி அடித்தவுடன், ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயர் வருகைப் பதிவேட்டைத் திறந்து முதற் பெயரைக் கூப்பிடும் குரலில் இருக்கிறது.